பெருஞ்சீரகமும் அதன் துணைகளும்

அஞ்சறைப் பெட்டி, தமிழ் இல்லங்களின் சிறியதோர் ஆவணக் காப்பகம். கடுகு, மிளகு, சீரகம், வெந்தயம் ஆகியவை அதனுள் அருகருகே அமர்ந்திருக்கும். ஆனால் பல இல்லங்களில் சோம்புக்கு அங்கே இடமில்லை. பட்டை, கிராம்பு, ஏலம் ஆகியவற்றோடு அது வேறொரு டப்பாவில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். சீரகத்தோடு உருவிலும் பெயரிலும் உறவுடைய ஒரு விதை ஏன் இவ்வாறு பிரித்து வைக்கப்பட்டது? இவ்வினாவுக்கு விடை தேடினால், தமிழர் அடுக்களைக்குள் ஓடும் ஓர் எல்லைக்கோடு புலப்படும்.

பெயர்கள் கூறும் செய்தி

இவ்விதைக்குத் தமிழில் இரு பெயர்கள் உண்டு. தமிழகத்தில் பெருவழக்காக உள்ளது ‘சோம்பு’. ஈழத் தமிழர் வழங்குவது ‘பெருஞ்சீரகம்’. மலையாளமும் பெருஞ்சீரகம் என்றே கூறும். சிங்களத்தில் சீரகம் ‘சூதுரு’. இது ‘மஹதுரு’, அதாவது பெரியது. மலாய் மொழியில் இது ‘ஜிந்தான் மானிஸ்’, இனிப்புச் சீரகம். முன்னரே அறிந்த சீரகத்தை அளவுகோலாகக் கொண்டு, பின்னர் அறிந்த விதைக்குப் பெயரிட்ட முறை இப்பெயர்களில் தெரிகிறது. சோம்பு என்னும் சொல்லோ இந்தியின் ‘சோன்ஃப்’, தெலுங்கின் ‘சோப்பு’ ஆகியவற்றோடு ஒலியுறவு உடையது. எனவே தமிழகத்துப் பெயர் வடக்கு நோக்கியும், ஈழத்துப் பெயர் சீரகம் நோக்கியும் நிற்கின்றன எனலாம். உண்டபின் மெல்லும் இவ்விதையின் பெயரும் சோம்பலின் வேர்ச்சொல்லும் ஒன்றுபோல் ஒலிப்பது தற்செயலே ஆயினும், கவிஞர்களுக்குச் சுவை தருவது.

மத்தியதரைக் கடற்பகுதியே இச்செடியின் தாயகம். கி.மு. 490இல் போர் நிகழ்ந்த மாரத்தான் என்னும் கிரேக்க ஊரின் பெயரே இச்செடியின் பெயரோடு தொடர்புடையது. இன்று உலகில் மிகுதியாக இதனை விளைவிக்கும் நாடு இந்தியா. குஜராத்தும் இராஜஸ்தானும் அதில் முன்னிற்கின்றன. குஜராத்தின் ஊஞ்ஜா நகரச் சந்தை இவ்வணிகத்தின் தலைமையிடம். தமிழர் குழம்பில் மணப்பது பெரும்பாலும் அப்பாலை ஓரத்துக் குளிர்காலம் விளைவித்த விதையே.

துணைப்பொருள்கள்

சங்கத் தமிழ் ‘கறி’ என்றது மிளகை. வெண்ணெயில் வெந்த மாதுளங்காயோடு மிளகுப் பொடியும் கறிவேப்பிலையும் சேர்ந்ததைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. எப்பொருளுக்கு எப்பொருள் துணை என்னும் அறிவு அத்துணைப் பழமையானது. சோம்புக்கு வாய்த்த துணைகளோ பல காலத்தவை, பல நாட்டவை. கிராம்பு மொலுக்காஸ் தீவுகளிலிருந்து வந்தது. பட்டையில் சிறந்தது ஈழத்தது. மிளகாய், போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின், 16ஆம் நூற்றாண்டு முதல் பரவிய அமெரிக்கப் பொருள். ஆகவே சோம்பும் மிளகாயும் தேங்காயும் சேர்த்தரைத்த விழுது ‘பாட்டன் காலத்தது’ எனப் போற்றப்பட்டாலும், அதன் வயது ஐந்நூறு ஆண்டுகளுக்கு உட்பட்டதே.

இச்சேர்க்கைகளுக்கு இயற்பியல் காரணமும் உண்டு. சோம்பின் மணத்துக்கு முதன்மையான ‘அனெத்தோல்’ என்னும் பொருள் நீரில் எளிதிற் கரையாது, எண்ணெயில் நன்கு கரையும். தாளிக்கும்போது காய்ந்த எண்ணெயில் சோம்பைப் பொரிப்பதும், தேங்காயோடு அரைப்பதும் இதனாற் பயன்தருகின்றன. இனிப்புடைய இவ்விதை மிளகாயின் காரத்தைத் தணிக்கும். ஆட்டிறைச்சியின் கொழுப்புச் சுவைக்கு ஈடுகொடுக்கும். மசால் வடையில் கடலைப்பருப்போடு சேர்வது, பருப்பினால் வயிறு பொருமாமல் இருக்கவும் உதவும் என்பது இல்லத்து மருத்துவம். கசகசாவும் தேங்காயும் சேர்ந்த குருமாவில் இதன் மணமே முன்னிற்கும். யாழ்ப்பாணத்துக் கறித்தூளில் மல்லி, மிளகாய், சீரகம், மிளகு, வெந்தயம் ஆகியவற்றோடு பெருஞ்சீரகமும் உரிய இடம் பெறுகிறது. அங்கே அது ஒதுக்கி வைக்கப்பட்ட பொருளன்று.

எல்லைக்கோடு

தமிழகத்திலோ இரசத்துக்குச் சீரகம், குருமாவுக்குச் சோம்பு என்ற பிரிவு வலுவானது. வெங்காயம், பூண்டு, புலால் ஆகியவற்றை விலக்கிய இல்லங்களில் சோம்பும் விலக்கப்பட்டது. அம்மணம் எழுந்தாலே புலால் நினைவு வரும் என்றனர். பட்டை, கிராம்போடும் இறைச்சியோடும் கொண்ட நட்பே அதற்குப் பழியாயிற்று. சேர்க்கையைக் கொண்டு மதிக்கும் உலக வழக்கு விதையையும் விடவில்லை.

அப்பழி விதைக்கு உரியதன்று என்பதற்குக் காசுமீரம் சான்று. அங்குள்ள பண்டிதர்கள் மரபாக வெங்காயத்தையும் பூண்டையும் விலக்குவோர். ஆயினும் ஆட்டிறைச்சி உண்போர். அவர்தம் சமையலில் சோம்புப் பொடியும் சுக்குப் பொடியும் பெருங்காயமும் இணைபிரியாதவை. தமிழகத்தில் பூண்டு மணக்கும் அடுக்களைக்கு அடையாளமான அதே விதை, காசுமீரத்தில் பூண்டை விலக்கிய அடுக்களைக்கு அடையாளம். வங்காளத்திலோ வெந்தயம், கருஞ்சீரகம் முதலியவற்றோடு ‘பாஞ்ச் ஃபோரன்’ என்னும் ஐந்து விதைக் கலவையில் சேர்ந்து, காய்கறிக்கும் பருப்புக்கும் அன்றாடத் தாளிப்பாகிறது. விதை ஒன்றே, துணை மாற, அதற்குரிய மதிப்பும் மாறுகிறது. தூய்மை, தூய்மையின்மை என்பன பொருளில் இல்லை, மனிதர் வகுத்த வரிசையில் உள்ளன என்பதை இதனினும் எளிதாக விளக்கவல்ல சான்று அரிது.

அவ்வரிசையும் நிலைத்து நிற்கவில்லை. வீட்டில் சோம்பை அரைக்க உடன்படாதோரும் உணவு விடுதியில் பூரிக்கு மசாலும் புரோட்டாவுக்குக் குருமாவும் உண்டனர். உண்டபின் தட்டில் வைத்த சோம்பை எடுத்து மென்றனர். எல்லையை முதலில் தாண்டியது நாக்கே. அடுக்களை அதனைப் பின்தொடர்ந்தது.

சொல்லாய்வுக்கும் சமூக ஆய்வுக்கும் உரிய இவ்வரலாறு பெரும்பாலும் ஏட்டில் ஏறாதது. அம்மியில் எதை முதலில் வைப்பது, எதை இறுதியில் சேர்ப்பது, எதனோடு எது கூடாது என்பன பெண்களின் வாய்மொழியாகவே வழங்கி வந்தன. ஆயத்தப் பொடிகள் அக்கலவை அறிவைப் பொட்டலத்துக்குள் அடைத்துவிட்ட காலம் இது. மாவட்டந்தோறும் முதிய பெண்களிடம் அச்சொற்களைக் கேட்டுத் தொகுப்பது இலக்கிய அமைப்புகளின் கடமைகளுள் ஒன்று. மாதுளங்காயோடு மிளகு சேர்ந்ததைப் புலவர் ஒருவர் பாடியதனால் அது நமக்குக் கிடைத்தது. சோம்பின் துணைகளைப் பதிந்து வைக்கும் பொறுப்பு இக்காலப் புலவர்களுடையது.