முதியோர் குடியிருப்பு (இந்தியா)

முதியோர் குடியிருப்பு என்பது வயது முதிர்ந்தோர் தங்கி, உணவும் உதவியும் பெறும் இடம். இந்தியச் சட்டப்படி 60 வயது நிறைந்தோர் மூத்த குடிமக்கள். 2011 கணக்கெடுப்பில் இவர்கள் 10 கோடியைத் தாண்டினர்.

வகைகள்: ஆதரவற்றோருக்கான இலவச இல்லங்களை அரசு உதவியுடனோ நன்கொடையிலோ தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. கட்டண இல்லங்களில் மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். தாமே இயங்கக்கூடியவர்களுக்கு, பொதுச் சமையற்கூடமும் மருத்துவ உதவியும் கொண்ட ஓய்வுக்கால வீடுகள் விற்கப்படுகின்றன; கோயம்புத்தூரில் இவை பெருகியுள்ளன. படுக்கையில் இருப்போருக்கும் மறதிநோயாளிகளுக்கும் இரவுபகலாகச் செவிலியர் உள்ள பராமரிப்பு மையங்கள் தனி.

சட்டம்: பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரி பெற்றோர் தீர்ப்பாயத்தை அணுகலாம். கவனித்துக்கொள்வதாக நிபந்தனையிட்டு எழுதி வாங்கிய சொத்தை, கைவிட்டால் மீட்கவும் வழியுண்டு. மாவட்டத்துக்கு ஓர் இல்லம் அமைக்கவும் இச்சட்டம் இடமளிக்கிறது. முதியோர் உதவி எண் 14567.

தேர்வு: குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லல், படுக்கையிலிருந்து எழுந்து இருக்கைக்கு மாறல், சிறுநீர் மலம் அடக்கல், உண்ணல் ஆகிய ஆறில் எவற்றுக்குத் துணை தேவை என்பதே முதல் அளவுகோல். அமெரிக்க மருத்துவர் சிட்னி கட்ஸ் குழுவினர் 1963-இல் வெளியிட்ட முறை இது. அடுத்து இரவுப் பணியாளர், அருகிலுள்ள மருத்துவமனை, முன்பணம் திரும்பும் விதி, நோய் முற்றினால் அங்கேயே தொடர இயலுமா என்பன பார்க்கப்படுகின்றன. தங்கப்போகும் பெற்றோரின் சம்மதம் இவை அனைத்துக்கும் முந்தியது.