பன்னாட்டு வங்கிச் சேவை

ஒரு நாட்டில் இருப்பவர் இன்னொரு நாட்டில் இருப்பவருக்குப் பணம் அனுப்பவும், சரக்குக்கு விலை தீர்க்கவும், கடன் கொடுக்கவும் வாங்கவும் வங்கிகள் செய்து தரும் ஏற்பாடுகளே பன்னாட்டு வங்கிச் சேவை. 'அமெரிக்காவிலிருந்து பணம் வந்தது' என்கிறோம். உண்மையில் எதுவும் வருவதில்லை. இரண்டு ஊர்க் கணக்கேடுகளில் பற்றும் வரவும் மாறுகின்றன. கடல் தாண்டுவது ஒரு செய்திதான்.

திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர் ஒருவருக்கு நியூயார்க் வியாபாரி 10,000 டாலர் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றுமதியாளரின் வங்கி, நியூயார்க்கில் உள்ள வங்கி ஒன்றில் டாலர் கணக்கு வைத்திருக்கும். வியாபாரியின் வங்கி அந்தக் கணக்கில் பணத்தைச் சேர்த்துத் தகவல் அனுப்புகிறது. தகவல் கிடைத்ததும் திருப்பூர்க் கிளை அன்றைய மாற்று விலையில் ரூபாயை வரவு வைக்கிறது. டாலர் நியூயார்க்கை விட்டு நகரவே இல்லை. இந்தக் கணக்கை இங்குள்ள வங்கி 'நாஸ்ட்ரோ' என்கிறது. இத்தாலிய மொழியில் 'நம்முடையது'. அங்குள்ள வங்கிக்கு அதே கணக்கு 'வோஸ்ட்ரோ', அதாவது 'உங்களுடையது'. இரண்டு வங்கிகளுக்கிடையே நேரடிக் கணக்கு இல்லையென்றால் நடுவே மூன்றாவது வங்கி வரும், சில சமயம் நான்காவதும். ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளும்.

தமிழர்களுக்கு இது புது வித்தை அல்ல. நாட்டுக்கோட்டை நகரத்தார் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் உண்டியல் எழுதியது இதே தத்துவத்தில்தான்: ஓரூரில் கட்டிய பணத்தை இன்னோரூர்க் கடையில் வாங்கிக்கொள்வது. அந்த மரபில் வந்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், அந்நியச் செலாவணித் தொழிலுக்கென்றே 1937 பிப்ரவரி 10-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். முதல் நாளே காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் கதவு திறந்தது.

செய்தியைக் கொண்டு செல்லும் வேலையைப் பெரும்பாலும் செய்வது ஸ்விஃப்ட். அதுவரை செய்தி அனுப்பப் பயன்பட்ட டெலக்ஸின் தாமதத்தாலும் பிழைகளாலும் அலுத்துப்போன 15 நாடுகளின் 239 வங்கிகள் சேர்ந்து 1973-இல் பெல்ஜியத்தில் அமைத்த கூட்டுறவு நிறுவனம் இது. 1977-இல் இயங்கத் தொடங்கியது. இன்று 11,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இதில் இருக்கின்றன. இது வங்கி அல்ல, இதனிடம் யாருடைய பணமும் இல்லை. தபால்காரர் என்று சொல்லலாம். ஆனால் தபால் நின்றால் என்ன ஆகும் என்பதை 2022 மார்ச்சில் ஸ்விஃப்டிலிருந்து நீக்கப்பட்ட ஏழு ரஷ்ய வங்கிகள் அறியும்.

தபால்காரர் கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. 2016 பிப்ரவரி 4, வியாழன் இரவு. வங்கதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்த திருடர்கள், அந்த வங்கியின் பெயரிலேயே, அதன் டாலர் கணக்கு இருந்த நியூயார்க் பெடரல் ரிசர்வுக்கு ஸ்விஃப்ட் வழியே 35 உத்தரவுகள் அனுப்பினார்கள். கேட்ட தொகை கிட்டத்தட்ட 95 கோடி டாலர். நாளைத் தேர்ந்த விதம்தான் கைதேர்ந்தது: வெள்ளி டாக்காவில் வார விடுமுறை, சனி ஞாயிறு அமெரிக்காவில் விடுமுறை, திங்கள் மணிலாவில் சீனப் புத்தாண்டு. செய்திகளை அச்சிட்டுத் தள்ள வேண்டிய டாக்கா பிரின்டரும் வேலை செய்யவில்லை. ஐந்து உத்தரவுகள் நிறைவேறின. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர், பெறுநர் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்பதைத் திருடர்கள் தப்பாக எழுதியதால் சந்தேகம் கிளம்பி மீட்கப்பட்டது. பிலிப்பைன்ஸுக்குப் போன 8.1 கோடியில் பெரும்பகுதி மணிலா சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. எழுத்துப்பிழை ஒரு நாட்டின் கஜானாவுக்குக் காவல் நின்ற கதை வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம்.

நேர வித்தியாசம் நேர்மையான வியாபாரத்தையும் கவிழ்த்திருக்கிறது. 1974 ஜூன் 26 மாலை, ஜெர்மனியின் கொலோன் நகரில் ஹெர்ஷ்டாட் வங்கியை அரசு மூடியது. அப்போது நியூயார்க்கில் காலை. அதனுடன் நாணய மாற்று ஒப்பந்தம் செய்திருந்த வங்கிகள் ஜெர்மன் மார்க்கைக் கொடுத்து முடித்துவிட்டன. பதிலுக்கு வரவேண்டிய டாலர் வரவே இல்லை. இந்த ஆபத்துக்கு இன்றும் அந்த வங்கியின் பெயர்தான். வங்கிக் கண்காணிப்புக்கான பாசெல் குழு அதே ஆண்டு இறுதியில் பிறந்தது. இரு நாணயங்களும் ஒரே சமயத்தில் கைமாறும்படி செய்யும் சி.எல்.எஸ். வங்கி வருவதற்கு மட்டும் 2002 வரை ஆயிற்று. நஷ்டத்தைக் கண்ட பிறகும் 28 ஆண்டுகள்!

சரக்கு வணிகத்தில் வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் நம்பாதபோது எல்.சி. எனப்படும் கடனுறுதிக் கடிதம் கைகொடுக்கிறது. கப்பல் ரசீது, பில், காப்பீடு எல்லாம் சொன்னபடி இருந்தால் வாங்குபவரின் வங்கி பணம் தந்தாக வேண்டும். பெட்டிக்குள் இருப்பது பனியனா பழந்துணியா என்று வங்கி பார்ப்பதில்லை. அது பார்ப்பது தாளை மட்டும்.

சிறு தொகைகளுக்கு இப்போது குறுக்குவழிகள் வருகின்றன. 2023 பிப்ரவரியில் இந்தியாவின் யு.பி.ஐ.யும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைக்கப்பட்டன. மற்றபடி வங்கிக்குப் போய் வெளிநாட்டுக்குப் பணம் கட்டுபவர்கள் விண்ணப்பத்தில் கட்டணம் யாருடையது என்று கேட்கும் கட்டத்தைக் கவனிக்க வேண்டும். பகிர்வு என்று குறித்தால் வழியில் உள்ள வங்கிகள் கழித்தது போக மீதிதான் போய்ச் சேரும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தில் இருபது டாலர் குறைந்தாலும் கல்லூரிக் கணக்கில் அது பாக்கிதான். கையெழுத்துப் போடுமுன் அந்தக் கட்டத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.