கட்டிலைச் சுற்றி ஒரு சபை

முகப்பேர் என்னும் ஊர்ப்பெயர் "மகப்பேறு" என்னும் சொல்லிலிருந்து வந்தது என்பர். பிள்ளை வரம் வேண்டி இவ்வூரின் சந்தான சீனிவாசப் பெருமாள் கோவிலுக்கு வருவோர் இன்றும் உளர். பிறப்பைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊரில் இறப்பைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு முரணாகத் தோன்றலாம். ஆயினும் பிறப்பும் இறப்பும் ஒரே வீட்டில் நிகழ்ந்த காலம் மிகத் தொலைவில் இல்லை. நம் பாட்டன்மார் பலர் தாம் பிறந்த வீட்டின் கூடத்திலேயே கண்மூடினர். இரண்டு மூன்று தலைமுறைக்குள் இவ்விரண்டும் வீட்டை விட்டு மருத்துவமனைக்குப் பெயர்ந்துவிட்டன. பிறப்பு பெயர்ந்ததால் தாயும் சேயும் பிழைத்தனர். அது பெரும் நன்மை. இறப்பு பெயர்ந்ததால் நாம் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதை வரலாற்றின் துணைகொண்டு இங்கே எண்ணிப் பார்ப்போம்.

அவஸ்தையும் அயலாரும்

தொடக்கத் திருச்சபையில் நோயாளி கோவிலுக்குச் சுமந்து வரப்படவில்லை. திருச்சபையின் மூப்பர்களே நோயாளியின் வீட்டுக்கு அழைக்கப்பட்டனர். யாக்கோபு தம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் தரும் அறிவுரை அதுவே. எண்ணெய் பூசி மன்றாடும் அவ்வழக்கம், நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, சாவின் விளிம்பில் இருப்போருக்கு மட்டும் உரியதாகச் சுருங்கிற்று. தமிழிலும் அதற்கு "அவஸ்தைப்பூசுதல்" என்றே பெயர் வழங்கிற்று. குருவானவர் வாசலில் கால் வைத்ததுமே, இனி நம்பிக்கை இல்லை என்று வீட்டார் அழத் தொடங்குவர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டில், "நோயில்பூசுதல்" என்னும் பெயரே மிகப் பொருத்தமானது என்று உரைத்தது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதன் சடங்குமுறையைப் புதுப்பித்தார். பெயர் மாறி அரை நூற்றாண்டு கடந்தும் பழைய அச்சம் முற்றும் நீங்கவில்லை. நோயாளி உணர்விழந்த பின்பே பல வீடுகளிலிருந்து அழைப்பு வருவதைப் பங்குக் குருக்கள் அறிவர்.

ஆனால் அந்தப் பழைய வழக்கத்தில் மறக்கத் தகாத ஒன்றும் இருந்தது. குருவானவர் நற்கருணையுடன் நோயாளியின் வீட்டுக்குச் செல்கையில் முன்னே மணியும் விளக்கும் சென்றன. மணியோசை கேட்டவர்கள் முழந்தாளிட்டனர். சிலர் பின்தொடர்ந்து வந்து செபித்தனர். உபதேசியார் கட்டிலருகே நின்று மன்றாட்டுச் சொன்னார். அயல்வீட்டுப் பெண்களில் ஒருவர் கஞ்சி காய்ச்சுவார். மற்றொருவர் பிள்ளைகளைத் தம் வீட்டில் உறங்க வைப்பார். இரவில் முறைவைத்து விழித்திருக்க ஆள் இருந்தது. சாவு ஒரு குடும்பத்தின் தனிச்சுமையாக இருக்கவில்லை.

அக்காலத்தைப் பொற்காலம் என்று போற்றுவதற்கும் இல்லை. புற்றுநோயாளியின் வேதனைக் குரல் தெரு முழுவதும் கேட்கும். அதைத் தணிக்க மருந்து கிடையாது. அன்று துணை இருந்தது, தணிவு இல்லை. இன்று தணிவுக்கு வழி உண்டு, துணை குறைந்துவிட்டது. இவ்விரண்டையும் ஒரே கட்டிலருகே கொண்டுவந்து சேர்க்க முயன்றவர்களின் வரலாற்றையே இனிக் காண்போம்.

நன்மரணத்தின் ஊழியர்

1591-இல் துறவற சபையாக ஏற்கப்பெற்ற புனித கமில்லுஸ் தெ லெல்லிசின் குழுவினர், தம் உயிருக்கு ஆபத்து நேரினும் நோயாளரைக் கைவிடோம் என்று நான்காவது வார்த்தைப்பாடு கொடுத்தனர். மருத்துவமனைகளில் மட்டுமன்றி, வீடுகளில் இறந்துகொண்டிருந்தோரின் அருகிலும் அவர்கள் அமர்ந்திருந்தனர். "நன்மரணத்தின் தந்தையர்" என்று இத்தாலிய மக்கள் அவர்களை அழைத்தனர். 1648-இல் இயேசு சபைத் தலைவர் வின்சென்ட் கராஃபா உரோமையின் ஜேசு ஆலயத்தில் நன்மரண சபையை நிறுவினார். நல்ல மரணம் என்பது கடைசி நாளில் திடீரென வாய்ப்பதன்று, வாழ்நாள் முழுவதும் சேர்ந்து செபித்து ஆயத்தம் செய்யப்படுவது என்பது அச்சபையின் கருத்து. புனித சூசையப்பரை நன்மரணத்தின் பாதுகாவலராக நாம் வணங்குவதும் இவ்வெண்ணத்திலேதான். இயேசுவும் மரியாவும் அருகிருக்க அவர் தம் வீட்டிலேயே உயிர்நீத்தார் என்பது நம் மரபு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பணியைப் பெண்கள் ஏற்றனர். பிரான்சின் லியோன் நகரில், கணவரையும் பிள்ளைகளையும் இழந்த ஜான் கார்னியே என்னும் இளம் கைம்பெண், 1842-இல் தம்மைப்போன்ற கைம்பெண்களைச் சேர்த்துக்கொண்டு, தீராநோயால் இறப்போருக்குப் பணிபுரியும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அயர்லாந்தின் அறச்சகோதரிகள் 1879-இல் டப்ளினிலும், 1905-இல் இலண்டனின் ஹாக்னியிலும் இறுதிநிலை நோயாளருக்கு இல்லங்கள் திறந்தனர். ஹாக்னியின் புனித யோசேப்பு இல்லத்துக்கு 1958-இல் ஆங்கிலிக்கச் சபையைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் பணிக்கு வந்தார். அவர் பெயர் சிசிலி சாண்டர்ஸ்.

செவிலியாகவும், சமூகப் பணியாளராகவும், பின்னர் மருத்துவராகவும் பயின்றவர் அவர். வலி வந்து நோயாளி கெஞ்சும்வரை காத்திராமல், குறித்த நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபினை வாய்வழியே கொடுத்து, வலி தலைதூக்குமுன்பே தணிக்கும் முறையை அவர் அங்கே செம்மைப்படுத்தினார். சகோதரிகளிடம் நெடுநாள் இருந்த பரிவுடன் மருத்துவ அறிவு அவ்வாறு கைகோத்தது. உடலின் நோவு, மனத்தின் கலக்கம், குடும்பத்தைப் பற்றிய கவலை, ஆன்மாவின் கேள்விகள் ஆகிய நான்கும் சேர்ந்ததே நோயாளியின் முழு வலி என்று அவர் கற்பித்தார். 1967-இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார். இரண்டே ஆண்டுகளில், 1969-இல், அதன் செவிலியர் நோயாளரின் வீடுகளுக்கே செல்லத் தொடங்கினர். பராமரிப்புக்கு உரியவர் நோயாளி மட்டுமல்லர், அவருடைய குடும்பமும்தான் என்னும் கொள்கை அங்கே வேரூன்றியது. மருத்துவர்கள் பேலியேட்டிவ் கேர் என்றும், நம் அரசு நோய் ஆதரவுச் சேவை என்றும் கூறும் துறை பிறந்த கதை இதுவே.

நம் நாட்டில்

நம் நாட்டில் அன்னை தெரேசா 1952-இல் கல்கத்தாவின் காளிகாட்டில் நிர்மல் இருதய இல்லத்தைத் திறந்தார். தெருவில் கிடந்து இறந்தோருக்கு அது வீடாயிற்று. 1986-இல் மும்பையின் பாந்த்ராவில் சாந்தி அவேதனா இல்லம் எழுந்தது. இந்நாட்டின் முதல் ஹாஸ்பிஸ் என்று அதனைக் குறிப்பிடுவர். சென்னையில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எண்ணற்றோருக்குச் சிகிச்சை தந்து வந்தது. சிகிச்சை இனிப் பயன்படாது என்ற நிலையில் செல்ல இடமற்றோருக்கு, மணலியை அடுத்த மாத்தூரின் ஜீவோதயா இல்லம் புகலிடமாயிற்று.

இதற்கிடையே சட்டம் ஒன்று குறுக்கே நின்றது. போதைப்பொருள் கடத்தலைத் தடுக்க 1985-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கடுமையால், மருந்தாகப் பயன்படும் மார்ஃபினையும் மருத்துவமனைகள் கைவிட்டன. மருந்துக்குரிய அபினை விளைவித்து ஏற்றுமதி செய்யும் நம் நாட்டில், 1997-இல் பயன்படுத்தப்பட்ட மார்ஃபின் 18 கிலோ மட்டுமே. அந்த எண்ணுக்குப் பின்னால் வலியில் துடித்திறந்தோர் எத்தனை பேர்! நெடிய போராட்டத்துக்குப் பின் 2014-இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கியது.

அப்போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால். அவரும் மருத்துவர் சுரேஷ்குமாரும் நண்பர்களுடன் சேர்ந்து 1993-இல் கோழிக்கோட்டில் வலி நிவாரணச் சங்கத்தைத் தொடங்கினர். நோயாளர் பலரால் மருத்துவமனைவரை வர இயலாததைக் கண்டு, அப்பணி வீடுகளை நோக்கித் திரும்பியது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மலப்புறம் மாவட்டத்தில் அது மக்கள் இயக்கமாக வளர்ந்தது. வாரத்தில் இரண்டு மணி நேரமேனும் தரக்கூடியவர் எவராயினும் தொண்டராகலாம். 16 மணி நேர வகுப்பும், நோயாளரின் வீடுகளில் நான்கு நாள் பயிற்சியும் அவர்களுக்கு அளிக்கப்பட்டன. இல்லத்தரசியரும் மாணவரும் கடைக்காரரும் இந்து, இசுலாமியர், கிறிஸ்தவர் என்ற வேறுபாடின்றி முன்வந்தனர். படுக்கைப்புண்ணைத் துடைத்துக் கட்டவும், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கவும், பொறுமையுடன் செவிமடுக்கவும் கற்றனர். ஊர்மக்கள் கொடுத்த சிறு சிறு காசுகளே பெரும்பாலும் அப்பணிக்கு முதலாயின. உழைப்பவர் படுக்கையில் வீழ்ந்த வீட்டுக்கு அரிசி சென்றது. பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடாமல் உதவி சென்றது. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்திலும், வீட்டுக்கே வந்து நோய் ஆதரவுச் சேவை அளிப்பது ஒரு கூறாகச் சேர்க்கப்பட்டது.

மார்ஃபினும் மனச்சான்றும்

பக்தியுள்ள குடும்பங்களில் ஓர் ஐயம் அடிக்கடி எழுவதுண்டு. வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பதே மேலானது அன்றோ? வலுவான மருந்து ஆயுளைக் குறைத்தால் அது கொலையாகாதா? திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957 பிப்ரவரியில் மயக்க மருந்தியல் மருத்துவர்களிடம் உரையாற்றியபோது இதற்கு விடை தந்தார். வேறு வழியில்லாதபோது, வலியைத் தணிக்கும் நோக்குடன் கொடுக்கும் மருந்து ஆயுளைச் சிறிது குறைக்க நேரினும் அது முறையானதே. நோயாளி தம் கடமைகளை முடிக்க அது தடையாகாதிருந்தால் போதும். 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும் நோய் ஆதரவுப் பணியைத் தன்னலமற்ற அன்பின் சிறந்த வடிவமாகக் கொள்கிறது. உயிரை வேண்டுமென்றே பறிப்பது ஒருநாளும் தகாது. அதேவேளை, பயனின்றிப் பெரும்பாரமாக மட்டும் அமையும் சிகிச்சையை நிறுத்திக்கொள்வது சாவைத் தேடுவதாகாது. நாம் மனிதர், ஒருநாள் இறப்பவர் என்பதை ஏற்றுக்கொள்வதாகும். ஆயினும் உணவு, நீர், தூய்மை, அரவணைப்பு ஆகிய அன்றாடப் பராமரிப்பை மட்டும் எந்நிலையிலும் கைவிடலாகாது.

நம் தெருக்களில்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் பாடியின் ஆலைகளிலும் உழைத்து, வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளில் சிறு வீடு வாங்கிக் குடியேறிய தலைமுறை இன்று முதுமை எய்தியுள்ளது. பிள்ளைகளுள் பலர் வெளிநாடுகளில் இருக்கின்றனர். புகழ்பெற்ற இதய மருத்துவமனைகள் முகப்பேரிலேயே உள்ளன. ஆபத்து வேளையில் உயிர்காக்கும் அவற்றின் அருமையை நாம் அறிவோம். ஆனால் "இனி வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்று மருத்துவர் சொல்லும் நாள் ஒன்று உண்டு. அன்று மாடிக் குடியிருப்பின் சிறிய அறையில் கட்டில் போடப்படும். சிறுநீர்க் குழாயும் மருந்துப் பட்டியலும் ஒரு மகளின் கையில், அல்லது மருமகளின் கையில் ஒப்படைக்கப்படும். இரவில் மூச்சு மாறினால் என்ன செய்வதென்று அவருக்கு எவரும் சொல்லித் தந்திரார். அவர் வேலையை விட்டிருப்பார். மாதக்கணக்கில் ஞாயிறு திருப்பலிக்கும் வந்திருக்க மாட்டார். அவரைக் காணோமே என்று நம்மில் எத்தனை பேர் தேடியிருப்போம்?

இறந்தபின் நாம் குறையேதும் வைப்பதில்லை. மாலையும் வாகனமும் அடக்கத் திருப்பலியும் முப்பதாம் நாள் திருப்பலியும் சிறப்பாகவே நடைபெறுகின்றன. அந்தக் கூட்டத்தில் பத்தில் ஒருவர் அதற்கு மூன்று மாதம் முன்பே அந்தப் படியேறியிருந்தால்!

மலப்புறத்து மக்கள் ஆற்றிய பணிக்கு வேண்டிய அமைப்பு நம் பங்குகளில் ஏற்கெனவே இருக்கிறது. அன்பியங்கள் தெருத்தோறும் உள்ளன. வின்சென்ட் தே பவுல் சபை 1833-இல் பாரீசில் பிறந்ததே ஏழையரை வீடு தேடிச் சந்திக்கத்தான். மரியாயின் சேனை 1921-இல் டப்ளினில் மேற்கொண்ட முதற்பணியும் நோயாளர் சந்திப்பே. நம் பங்குகளில் செவிலியர் பலர் உள்ளனர்; பணிநிறைவு பெற்றோரும் அவர்களுள் உண்டு. அவர்களைக்கொண்டு ஒவ்வோர் அன்பியத்திலும் நான்கைந்து பேருக்கு எளிய பயிற்சி தரலாம். சக்கர நாற்காலி, நீர்மெத்தை போன்றவற்றைப் பங்கிலேயே வாங்கி வைத்து, தேவைப்படுவோருக்கு எச்சமயத்தவராயினும் இரவலாகக் கொடுக்கலாம். வாரம் இரண்டு மணி நேரம் நோயாளியின் அருகே ஒருவர் அமர்ந்திருந்தால், அந்த மகள் உறங்கலாம், கடைக்குச் செல்லலாம், கோவிலுக்கும் வரலாம். நோயாளி தெளிவுடன் இருக்கும்போதே நோயில்பூசுதலுக்குக் குருவை அழைத்தால், அது குடும்பம் முழுவதும் கூடிச் செபிக்கும் வேளையாக அமையும்.

கல்வாரியில் இயேசுவின் இறுதி மணித்துளிகளை யோவான் எழுதிவைத்துள்ளார். தம் வேதனையின் நடுவிலும் ஆண்டவர் தாம் விட்டுச் செல்லும் தாயை நினைத்தார். அவரை அன்புச் சீடரிடம் ஒப்படைத்தார். அச்சீடரும் அந்நேரமுதல் அத்தாயைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். இறப்பவரின் கடைசிக் கவலை பெரும்பாலும் தம்மைப் பற்றியதன்று. தமக்குப்பின் இவர்களை யார் பார்ப்பார் என்பதே. அக்கேள்விக்கு யோவான் வாய்ச்சொல்லால் விடையளிக்கவில்லை. தம் வீட்டின் கதவைத் திறந்துவிட்டார். உங்கள் அன்பியத்தின் அடுத்த கூட்டத்தில், செபமாலை முடிந்ததும், நம் தெருவில் எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார், அவரைப் பார்த்துக்கொள்பவர் யார் என்ற இரு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.