திருவருகைக் காலம்

திருவருகைக் காலம் என்பது கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட ஆயத்த காலம். சீர்திருத்தச் சபையார் இதை அட்வெந்து என்றும் ஆகமன காலம் என்றும் சொல்வர். நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடைப்பட்ட ஞாயிறன்று தொடங்குவதால், ஆண்டுக்கேற்ப 22 முதல் 28 நாள் நீடிக்கும். மேற்கத்திய மரபுச் சபைகளுக்கு வழிபாட்டு ஆண்டின் முதல் நாளும் இந்த ஞாயிறே.

தோற்றம்

இது முதலில் நோன்புக் காலமாக இருந்தது. 5ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11 முதல் கிறிஸ்துமஸ் வரை வாரத்துக்கு மூன்று நாள் நோன்பு விதித்தார். உரோமை மரபில் நான்கு வாரமாக நிலைபெற்ற இக்காலம், மிலான் மரபில் இன்றும் ஆறு வாரம். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் டிசம்பர் 1 முதல் இருபத்தைந்து நாள் நோன்பு இருக்கின்றனர்.

தமிழகத்தில்

முத்துக்குளித்துறைக் கத்தோலிக்கர் வழியே 16ஆம் நூற்றாண்டிலும், 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தொடங்கிய லுத்தரன் பணி வழியே பின்னரும் இவ்வழிபாட்டு ஆண்டு தமிழகத்தில் பரவியது. கத்தோலிக்கத் திருப்பலி தமிழுக்கு வந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான். 1969-இல் திருத்தப்பட்ட நாள்காட்டி, டிசம்பர் 16 வரை கிறிஸ்துவின் இரண்டாம் வருகையையும் 17 முதல் 24 வரை பிறப்பையும் முதன்மைப்படுத்துகிறது.

ஆரணி, சந்தவாசல் வட்டாரம்

அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஜான் ஸ்கடரின் மகன்கள் 1853-இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் நிலையங்களில் திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியும் ஒன்று. ஆண்டு விழாக்களைவிடப் பிரசங்கத்துக்கே முதலிடம் தந்த மரபு அது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, இம்மரபினர் ஆங்கிலிக்கரோடும் மெதடிஸ்டுகளோடும் ஒரே சபையாயினர். இவ்வட்டாரக் கத்தோலிக்கரை உள்ளடக்கிய வேலூர் மறைமாவட்டம் 1952-இல் அமைந்தது. திருவருகைக் காலம் இங்கே கார்த்திகையில் தொடங்கி மார்கழியில் முடியும். திருவண்ணாமலை மகாதீபமும் பல ஆண்டுகளில் இந்த வாரங்களிலேயே வரும்.

வழக்கங்கள்

கத்தோலிக்கக் கோவில்களில் குருவின் திருவுடை ஊதா. மூன்றாம் ஞாயிறன்று மட்டும் இளஞ்சிவப்பு அணியலாம். ஞாயிறுகளில் 'உன்னதங்களிலே' என்னும் புகழ்ப்பாடல் பாடப்படுவதில்லை, அல்லேலூயா உண்டு. ஞாயிறுக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி ஏற்றும் வளையம், 1839-இல் ஹாம்பர்க்கில் ஏழைச் சிறுவர் இல்லம் நடத்திய யோகான் விக்கெர்ன் தொடங்கிய வழக்கத்திலிருந்து வளர்ந்தது. கத்தோலிக்கர் இதை ஏற்றது 1920-களில்தான்.

ஊர்களில் இக்காலத்தை அறிவிப்பவை வாசலில் தொங்கும் காகித ஸ்டாரும், இரவில் வீடு வீடாக வரும் கேரல் ரவுண்ட்ஸும். பாடகர் குழு வந்ததும் வீட்டார் எழுந்து விளக்குப் போட்டு, ஜெபத்துக்குப் பின் காணிக்கை தருவர். வெள்ளையடித்தல், புதுத்துணி எடுத்தல், குடில் கட்டுதல், பலகாரம் சுடுதல் எல்லாம் டிசம்பர் நடுவில் சூடுபிடிக்கும். பெந்தெகொஸ்தே சபைகள் பலவும் இக்காலத்தைத் தனியே அனுசரிப்பதில்லை.

பொருள்

தமிழ்க் கிறிஸ்தவரிடையே நோன்பின் கடுமை ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கே உரியதாகிவிட்டது. திருவருகைக் காலத்தில் மேலோங்கியிருப்பது விழா ஆயத்தம். ஆனால் ஞாயிறு வாசகங்கள் திருமுழுக்கு யோவானின் மனந்திரும்புதல் அழைப்பையும் இறுதித் தீர்ப்பையும் விடாமல் முன்வைக்கின்றன. பாவசங்கீர்த்தனமும் ஏழைகளுக்கான உதவியும் பண்டிகைச் செலவோடு சேர்ந்தே நடப்பது இதனால்தான்.