திருகோணமலையில் முதுமைக் காலம்: ஓய்வுக்கால விசாவா, இரட்டைக் குடியுரிமையா?

"தம்பி, பிறந்த வீட்டில இருக்கிறதுக்கும் விசா எடுக்கவேணுமோ?"

2017 இல் ஊருக்குத் திரும்பி வந்தபோது அக்கா கேட்ட கேள்வி இது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பதில் "ஓம்" என்பதுதான். நான் பிறந்தது திருகோணமலை நகரில், டச் பே கடற்கரையிலிருந்து ஐந்து நிமிட நடைத் தூரத்தில். 1984 இல், 26 வயதில், நாட்டை விட்டுப் போனேன். 33 வருடங்கள் கனடாவில் கழிந்தன. வேலையை விட்டு, 59 வயதில் திரும்பி வந்தபோது என் கையில் இருந்தது கனடியக் கடவுச்சீட்டு. குடிவரவு அதிகாரியின் கணக்கில் நான் 30 நாள் சுற்றிப்பார்க்க வந்த வெளிநாட்டவன்.

மாலையில் உட்துறைமுக வீதியில் நடக்கப் போனால் என்னைப் போன்ற இரண்டு மூன்று பேரையாவது காண்கிறேன். லண்டனிலிருந்து, ரொறன்ரோவிலிருந்து, ஒஸ்லோவிலிருந்து வந்தவர்கள். மான்கள் படுத்திருக்கும் புல்வெளியோரம் நின்று எல்லோரும் பேசுவது ஒரே விடயத்தைத்தான்: எந்தப் பத்திரத்தை எடுத்தால் இங்கே நிம்மதியாக இருக்கலாம்? நான் முதலில் ஓய்வுக்கால விசா எடுத்தேன். பிறகு இரட்டைக் குடியுரிமை எடுத்தேன். வரிசையை மாற்றிச் செய்ததால் ஒன்றை இழந்தேன். அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில், சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார்?

திரும்பி வர நினைப்பவர்கள் மூன்று வகை.

முதலாவது வகையினர், வெளிநாட்டில் நிரந்தர வதிவிட அனுமதியோடு மட்டும் இருப்பவர்கள். வேறு நாட்டின் குடியுரிமையை எடுக்காதவரை இவர்கள் இலங்கைக் குடிமக்களே. இங்கே இருக்க எந்த விசாவும் தேவையில்லை. ஆபத்து மறுபக்கம்தான் இருக்கிறது. கனடாவின் நிரந்தர வதிவிடத்தைத் தக்கவைக்க 5 வருடங்களில் 730 நாட்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். அகதியாக ஏற்கப்பட்டு வதிவிடம் பெற்றவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கனடியக் குடியுரிமை எடுக்கும் முன், இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து ஊருக்கு வந்து தங்கினால், அகதிப் பாதுகாப்பு இனித் தேவையில்லை என்று அங்கே வழக்கு வைக்கலாம். 2012 இல் வந்த சட்டமாற்றத்துக்குப் பின், அந்த வழக்கில் தோற்றால் வதிவிட உரிமையும் போய்விடும்.

இரண்டாவது வகையினர், இலங்கையராகப் பிறந்து வேறு நாட்டின் குடியுரிமை எடுத்தவர்கள். நம்மில் பெரும்பாலானோர் இவர்களே. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்படி, விரும்பி இன்னொரு நாட்டின் குடியுரிமையை எடுத்த அன்றே இலங்கைக் குடியுரிமை தானாக நின்றுபோகிறது. யாரும் கடிதம் அனுப்பி அறிவிப்பதில்லை. அடையாள அட்டை அலுமாரிக்குள் இருப்பதால் குடியுரிமையும் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை.

மூன்றாவது வகையினர், வெளிநாட்டவராகவே பிறந்தவர்கள். வேற்றுநாட்டு மனைவி, கணவன், இந்த ஊரை விரும்பி வருபவர்கள் எல்லோரும் இதற்குள் அடங்குவர்.

ஓய்வுக்கால விசா

"மை ட்ரீம் ஹோம்" என்ற பெயரில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் வழங்கும் வதிவிட விசா இது. 55 வயதைத் தாண்டிய வெளிநாட்டவருக்கு உரியது. நான் எடுத்தபோது இருந்த அடிப்படை நிபந்தனைகள்: அனுமதிக்கப்பட்ட வங்கியொன்றில் 15,000 அமெரிக்க டொலர் வைப்பு, அதற்கு மேலாக மாதந்தோறும் 1,500 டொலர் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், கூடவரும் துணைக்கு மாதம் 750 டொலர். விசா இரண்டு வருடங்களுக்குச் செல்லும்; நிபந்தனைகளைக் காப்பாற்றினால் புதுப்பிக்கலாம். பொலிஸ் நற்சான்று, மருத்துவக் காப்புறுதி ஆகியனவும் வேண்டும். இங்கே வேலை பார்க்க முடியாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். தனியாளுக்கு வருடம் 18,000 அமெரிக்க டொலர். தம்பதியருக்கு 27,000. ஸ்காபரோவில் உணவகச் சமையலறையிலும் தொழிற்சாலையிலும் உழைத்த எங்கள் ஆட்களில் பலருக்கு இரண்டு அரச ஓய்வூதியங்களைச் சேர்த்தாலும் இந்தத் தொகை எட்டாது. திருகோணமலையில் ஒரு வீட்டை நடத்த இவ்வளவு காசு தேவையுமில்லை. ஆனாலும் இவ்வளவு வந்ததாக வங்கி கடிதம் தரவேண்டும்.

2022 இல் "கோல்டன் பரடைஸ்" என்ற பெயரில் பத்து வருட விசாவும் அறிமுகமானது. அதற்கு வைப்பு குறைந்தது ஒரு இலட்சம் அமெரிக்க டொலர். அது முதலீட்டாளர்களின் கதவு, ஓய்வூதியக்காரரின் கதவல்ல.

நான் ஏன் விசாவைத் தேர்ந்தேன்? வேகமாகக் கிடைக்கும் என்று சொன்னார்கள். அத்தோடு என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரியும் கனடியப் பத்திரங்களில் இன்னொரு மாதிரியும் இருந்தது. இதைத் திருத்தப் போனால் இழுபடும் என்று பயந்து, குடியுரிமையைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தேன்.

விசா தராத ஒன்று: காணி

எங்கள் வீடு அம்மாவின் பெயரில் இருந்தது. அவர் எழுதிவைக்காமலே இறந்தார். வாரிசுரிமையாக எனக்கும் அக்காவுக்கும் வந்தது. இதைச் சட்டம் தடுக்கவில்லை. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்க காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடைசெய்கிறது. ஆனால் நெருங்கிய உறவினருக்கு வாரிசுரிமையாக, நன்கொடையாக, அல்லது மரணசாசனத்தின் மூலம் போவதற்கு விலக்குத் தருகிறது. அடுக்குமாடிகளில் நாலாம் மாடியும் அதற்கு மேலும் வாங்கலாம். 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை கிடையாது. விசா வைத்திருப்பவருக்கு உண்டு.

எங்கள் வளவை ஒட்டி ஆறு பரப்புக் காணி. அதற்குள்தான் கிணறு. எங்கள் வீட்டுக் கிணறு உப்பேறிய காலம் தொட்டு, குடிக்கத் தண்ணீர் அங்கேதான் அள்ளினோம். 2018 இல் அயலவர்கள் கொழும்புக்குப் போவதென்று முடிவெடுத்து, முதலில் எங்களிடம்தான் கேட்டார்கள். காசு இருந்தது. ஆனால் நான் வெளிநாட்டவன். உறுதி எழுத நொத்தாரிசு மறுத்தார்.

"மருமகன்ர பேரில வாங்கி விடுங்கோவன்" என்று பலர் சொன்னார்கள். நான் யோசித்தேன், பிறகு விட்டேன். காரணம் என் பள்ளித் தோழன் ஒருவன். நிலாவெளிப் பக்கம் உறவினர் பெயரில் காணி வாங்கி, தன் காசில் வீடும் கட்டினான். அந்த உறவினர் அதை ஈடு வைத்துக் கடன் எடுத்தார். உறுதியில் தோழனின் பெயர் எங்குமில்லை. தன் வீடு என்று நிரூபிக்கப் போனால், சட்டம் தடுத்த கொள்வனவைத் தானே ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று அவன் வாடகை வீட்டில் இருக்கிறான்.

எங்கள் அயலவர்கள் ஆறு மாதம் பொறுத்தார்கள். பிறகு வேறொருவருக்கு விற்றார்கள். இப்போது இடையில் மதில். கிணறு அந்தப் பக்கம். அக்கா தண்ணீர்ப் போத்தல் வாங்குகிறா.

துறைமுகப் பகுதியில் காணி பார்ப்போருக்கு

எந்தப் பத்திரம் வைத்திருந்தாலும் நான்கு விடயங்களைக் காணிப் பதிவகத்திலும் பிரதேச செயலகத்திலும் உறுதிப்படுத்துங்கள்.

ஒன்று, துறைமுகத்தைச் சுற்றியுள்ள பல காணிகள் துறைமுக அதிகாரசபைக்கு உரியவையாக அறிவிக்கப்பட்டவை. மக்கள் தலைமுறையாகக் குடியிருந்தாலும் உறுதி இருக்காது.

இரண்டு, அனுமதிப்பத்திரக் காணிகள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த இவற்றைச் சாதாரண உறுதிக் காணிபோல விற்க முடியாது.

மூன்று, கரையோர வலயம். உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றருக்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

நான்கு, ஆட்சியுரிமை. உரிமையாளர் இல்லாமல் வேறொருவர் பத்து வருடம் தடையின்றி, தனக்கே உரியதென்று ஆண்டால் அவர் உரிமை கோரலாம். போரால் வெளியேறியவர்களுக்காக 2016 இல் விசேட சட்டம் வந்தது. ஆனால் அது இரண்டு வருடத்துக்கு மட்டுமே. வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் வளவை யார் பார்க்கிறார்கள் என்பதை எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

இரட்டைக் குடியுரிமை

2011 இல் நிறுத்தப்பட்ட இந்த நடைமுறை 2015 இல் மீண்டும் தொடங்கியது. குடியுரிமையை ஏற்கெனவே இழந்தவர்கள் அதை மீளப் பெற விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை எடுக்கப் போகிறவர்கள், எடுக்கும் முன்னரே, இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைக்க விண்ணப்பிக்கலாம். 55 வயதைத் தாண்டியிருப்பதே விண்ணப்பிக்கப் போதுமான ஒரு தகுதி. மாதாமாதம் டொலர் வரவேண்டியதில்லை, வைப்பும் வேண்டாம். கட்டணம் உண்டு, அது அவ்வப்போது மாறும்.

நீங்கள் வாழும் நாடு இதை ஏற்கிறதா என்பதையும் பாருங்கள். கனடாவும் பிரித்தானியாவும் ஏற்கின்றன. டென்மார்க் 2015 செப்ரெம்பரிலிருந்தும், நோர்வே 2020 ஜனவரியிலிருந்தும், ஜேர்மனி 2024 ஜூன் 27 இலிருந்தும் ஏற்கின்றன. முன்பு முடியாது என்று கைவிட்டவர்கள் திரும்பவும் விசாரிக்கலாம்.

எனக்குப் பயமாக இருந்த பெயர்ச் சிக்கல் அவ்வளவு பெரியதல்ல. பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி எடுத்தேன். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி முடித்தேன். பழைய இலங்கைக் கடவுச்சீட்டின் பிரதி, கனடியக் குடியுரிமைச் சான்றிதழ், பொலிஸ் நற்சான்று ஆகியவற்றைச் சேர்த்து, இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், பத்தரமுல்லையில் உள்ள தலைமையகத்தில் கொடுத்தேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இலங்கைத் தூதரகம் மூலமும் கொடுக்கலாம். இந்த வேலையை 2017 இலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர் வாக்காளராகப் பதியலாம். நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது; 2022 இன் 21 ஆம் திருத்தம் அதை மீண்டும் தடுத்திருக்கிறது. அரச வைத்தியசாலையில் குடிமகனாகவே நடத்தப்படுவீர்கள். என் வயதில் இது சிறிய விடயமல்ல.

ஓய்வூதியமும் வைத்தியமும்

கனடாவின் முதுமைக் காப்பு ஓய்வூதியம், 18 வயதுக்குப் பின் 20 வருடங்கள் அங்கே வாழ்ந்தவருக்கு எங்கிருந்தாலும் கிடைக்கும். அதற்கு மேலாகக் கிடைக்கும் வருமான உத்தரவாத உதவித்தொகை, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும். குறைந்த வருமானக்காரருக்கு இந்த இரண்டாவதுதான் சோறு; இதைக் கணக்கில் எடுக்காமல் வந்தவர்கள் தடுமாறுகிறார்கள். ஒன்ராறியோவின் சுகாதார அட்டையை வைத்திருக்க, 12 மாதத்தில் 153 நாள் அங்கே இருக்க வேண்டும். பிரித்தானிய அரச ஓய்வூதியம் இலங்கைக்கும் வரும்; ஆனால் வருடாந்த உயர்வு சேராது. வந்த நாளில் இருந்த தொகையே கடைசிவரை.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை அன்றாட நோய்க்குப் போதும். பெரிய சத்திரசிகிச்சைக்கு மட்டக்களப்புக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ போகவேண்டி வரும். கொழும்பு வீதியால் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். உங்களோடு காரில் ஏறி வரக்கூடியவர் யார் என்பதை இப்போதே யோசியுங்கள். எந்த விசாவும் அதைத் தராது.

எந்த ஒழுங்கில் செய்வது?

இலங்கையில் பிறந்தவரென்றால், விமானச்சீட்டு எடுக்கும் முன் பிறப்புச் சான்றிதழை எடுங்கள். பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள். அது வரும்வரை சுற்றுலா விசாவில் வந்து, ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் இருந்து பாருங்கள். மார்கழி மழையும் ஆவணி வெயிலும் தாங்குமா என்று உடம்பு சொல்லும். குடியுரிமை கைக்கு வந்தபின் காணியைப் பற்றிப் பேசுங்கள். அதற்கு முன் யாருடைய பெயரிலும் எதையும் வாங்காதீர்கள்.

ஓய்வுக்கால விசா, இலங்கையில் பிறக்காதவர்களுக்கு நல்ல ஏற்பாடு. இங்கே பிறந்தவருக்கு அது விருந்தாளியின் பத்திரம். என் புதிய அடையாள அட்டையை அக்காவிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை முதலே எடுத்திருக்கலாமே" என்றா.