ஷிப்ட் நேரத்துத் தேநீர்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வழித்தடத்தில் ஒரு சிறுதொழிலின் வரலாறு

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஸ்ரீபெரும்புதூர், 1017இல் இராமானுசர் பிறந்த தலமாக வைணவ மரபில் போற்றப்படுவது. அதைச் சூழ்ந்த ஊர்கள் நெடுங்காலம் ஏரிப் பாசனத்தையும் நெல்லையுமே நம்பியிருந்தன. இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் ஆகிய ஊர்களை இணைத்து இன்று ‘ஆலை வழித்தடம்’ எனப்படும் நிலப்பரப்பு உருவானது கடந்த முப்பது ஆண்டுகளுக்குள்தான். கார், கைப்பேசி, கண்ணாடி, டயர் எனப் பெருந்தொழில்கள் வந்த அதே வேகத்தில் அவற்றின் வாயில்களுக்கு எதிரே தேநீர்க்கடைகளும் தோன்றின. முதலீட்டுக் கணக்குகளில் இடம்பெறாத அச்சிறுதொழிலைத் தொடங்கியவர்கள் எதன் துணையால் அதில் நிலைத்து நின்றார்கள் என்பது இவ்வட்டாரத் தொழில் வரலாற்றின் முக்கியமான கேள்வி.

தேநீர் தமிழகத்து உழைப்பாளரை வந்தடைந்த வழியே ஆலைகளோடு பிணைந்தது. ஏற்றுமதியாகும் தேயிலைமீது 1903இல் விதிக்கப்பட்ட ‘தேயிலை வரி’ என்னும் சிறு தீர்வை, தேயிலைக்கு விளம்பரம் செய்வதற்கென்றே தண்டப்பட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில் இந்திய ஆலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் தேநீர் விற்பனை இடங்கள் ஏற்படுத்தப்பட்டன. 1930களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ஏற்றுமதி விலை சரிந்து, 1933இல் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் உற்பத்தியாளர்கள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த உடன்பட்டபின், உள்நாட்டுச் சந்தையைப் பெருக்கும் முயற்சி முன்னெப்போதையும்விடத் தீவிரமாயிற்று. காப்பி நடுத்தர வர்க்கத்தின் பண்பாட்டு அடையாளமாகவும் தேநீர் உழைக்கும் மக்களின் பானமாகவும் தமிழ்ச் சமூகத்தில் பிரிந்து நின்றதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

அதே 1930களில் அசாமில் வழக்கத்துக்கு வந்த சி.டி.சி. முறை, அதாவது இலையை நசுக்கி, கிழித்து, உருட்டும் இயந்திர முறை, தேநீர்க்கடை என்னும் தொழிலைப் பிற்காலத்தில் எளிதாக்கியது. இம்முறையில் கிடைக்கும் தேயிலையின் மிக நுண்ணிய தரம் ‘டஸ்ட்’ எனப்படுகிறது; துகள் சிறிதாக இருப்பதால் சாறு விரைவில் இறங்கி, நிறமும் கடுப்பும் மிகுந்து, ஒரு கிலோ தூளில் பல நூறு கோப்பைகள் தேறுகின்றன. பாலும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு கிளாஸ் தேநீரில் மிகக் குறைந்த செலவு தேயிலைக்கும், மிகுந்த செலவு பாலுக்கும் ஆவதால், சிறு முதலில் கடை வைப்பவருக்குத் தூள் வாங்குவது ஒருபோதும் பெரிய தடையாக இருந்ததில்லை. பால்காரரின் அன்றாட நம்பிக்கையே அவருடைய உண்மையான மூலதனம்.

தமிழ்நாடு அரசு 1971இல் தொடங்கிய சிப்காட், அதாவது தொழிற்சாலைகளுக்கு நிலமும் சாலையும் நீரும் ஏற்பாடு செய்யும் நிறுவனம், இவ்வட்டாரத்தில் நிலம் கையகப்படுத்தித் தொழிற்பூங்காக்களை அமைத்தது. 1996இல் நிறுவப்பட்ட ஹூண்டாய் இந்திய நிறுவனம் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998இல் தன் முதல் காரை வெளியிட்டது. 2006இல் நோக்கியா கைப்பேசி ஆலை இயங்கத் தொடங்கியது. 2010இல் ரெனோ–நிசான், 2012இல் டெய்ம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆகியவற்றின் ஆலைகள் ஒரகடத்தில் செயல்படலாயின. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஒரகடம் சந்திப்பு, சில ஆண்டுகளுக்குள் கனரக வண்டிகள் ஓயாத இடமாயிற்று.

இத்தனை ஆயிரம் தொழிலாளர் வருமிடத்தில் தேநீர் தானாகவே விற்கும் என்று தொலைவிலிருந்து பார்ப்பவர்க்குத் தோன்றும். 2025 வரை நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அக்கணிப்பைப் பொய்யாக்கியது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைக்குள் கேண்டீன் இருக்க வேண்டும் என்பதற்கு அச்சட்டத்தின் 46ஆம் பிரிவு வழிசெய்தது. நிரந்தர ஊழியர்கள் நிறுவனப் பேருந்தில் ஏறி வாயிலுக்குள்ளேயே இறங்கி, உள்ளேயே தேநீர் அருந்தி, அதே பேருந்தில் திரும்புகிறார்கள். எனவே வெளியே உள்ள கடையைத் தாங்குபவர்கள் வேறு மக்கள்: ஒப்பந்தத் தொழிலாளர், காவலாளிகள், கட்டுமானப் பணியாளர், சரக்கு இறக்க மணிக்கணக்கில் காத்திருக்கும் டிரெய்லர் ஓட்டுநர்கள், சான்றிதழ் உறையோடு வேலை தேடி வரும் ஐ.டி.ஐ., டிப்ளமோ இளைஞர்கள், ஒடிசா, பீகார், அசாம் மாநிலங்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் பலராகத் தங்கியிருப்பவர்கள். நிலையான ஆலைக்கு எதிரே நிலையற்ற மக்களை நம்பித் தொடங்கப்பட்ட தொழில் இது. தொடக்க மாதங்களில் பலரை மனந்தளரச் செய்தது இந்த முரண்பாடே.

தளராமல் நின்றவர்களின் வழிமுறைகளை நோக்கினால், ஊக்கம் என்பது தனிமனிதரின் நெஞ்சுரத்தில் மட்டும் பிறந்ததன்று என்பது விளங்கும். மூன்று ஷிப்டுகளின் மாற்ற நேரங்களை ஒட்டிக் கூட்டம் வருவதால், விடியுமுன் பாய்லரை மூட்டுபவர் நள்ளிரவு வரை நிற்க வேண்டியதாகிறது. அதை ஒருவர் உடல் தாங்காது. கணவனும் மனைவியும், அண்ணனும் தம்பியும், அல்லது ஒரே ஊரிலிருந்து வந்த இருவர் முறைவைத்து நின்ற கடைகளே நீடித்தன. ‘டீ மாஸ்டர்’ எனப்படும் தேநீர் ஆற்றுநரைக் கூலிக்கு அமர்த்தித் தொடங்கியவர்களுக்கு, அவர் ஒரு நாள் வராவிட்டாலும் கடையை மூட நேர்ந்தது. காலை வடை, மாலை பஜ்ஜி, இரவுக்கு பன் என்று தேநீரோடு சேர்ந்து விற்றவையே பெரும்பாலும் வாடகைக்கு ஈடுகொடுத்தன.

கடன் நோட்டுப் புத்தகத்தை இங்கே தனியே குறிப்பிட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரின் சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை வருவது. தேநீர் நாள்தோறும் வேண்டுவது. இடைப்பட்ட நாள்களை நோட்டுப் புத்தகம் நிரப்பியது. யாருக்கு எழுதுவது, எவ்வளவு வரை எழுதுவது, ஒப்பந்தம் முடிந்து சொல்லாமல் ஊர் திரும்பியவரின் பக்கத்தை எப்போது கிழிப்பது ஆகிய முடிவுகளே இத்தொழிலின் கடினமான கல்வி. மறுபுறம் கடைக்காரரே பெரும்பாலும் தண்டலுக்குக் கடன்பட்டவர். தண்டல் என்பது வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு தொகையைக் கொடுத்து, நூறு நாள் போன்ற ஒரு கெடுவுக்குள் நாள்தோறும் கடைக்கே வந்து வசூலிக்கும் கடன்முறை. காய்ச்சலானாலும் கடை திறக்கப்பட்டதற்கு விடாமுயற்சி என்று பெயரிடுவது எளிது. மாலையில் வரும் தண்டல்காரரையும் சேர்த்தே அதைக் கணக்கிடுவதுதான் நேர்மையான வரலாறு.

2014 நவம்பர் 1 அன்று நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது, இவ்வழித்தடம் அதுவரை கண்டிராத பேரிழப்பு. வேலையிழந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். அவர்களில் பெண்கள் மிகுதி. ஓர் ஆலையை மட்டும் நம்பிய கடைக்கும் பல வாயில்களுக்குப் பொதுவான சந்திப்பில் நின்ற கடைக்கும் உள்ள வேறுபாடு அப்போது வெளிப்பட்டது: முன்னதற்கு வாடிக்கையாளர் ஒருசேர மறைந்தனர், பின்னதற்கு ஓட்டுநர்களும் வழிப்போக்கரும் எஞ்சினர். 2020 மார்ச் 25 முதல் நடப்புக்கு வந்த நாடு தழுவிய ஊரடங்கு இந்த வேறுபாட்டையும் அழித்தது. வெளிமாநிலத் தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். தேநீர்க்கடைகள் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது முதலில் பார்சல் மட்டுமே தரலாம் என்றிருந்தது. 2019 சனவரி 1 முதல் பிளாஸ்டிக் கோப்பைகளும் உறைகளும் தடைசெய்யப்பட்டிருந்ததால், காகிதக் கோப்பையின் கூடுதல் செலவும் ஒவ்வொரு பார்சலோடும் சேர்ந்துகொண்டது.

அரசின் துணை இக்கடைகளை முழுமையாக எட்டவில்லை என்பது வருத்தத்துக்குரியது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் பாதுகாப்புச் சட்டமும், 2020இல் முதற்கடனாக 10,000 ரூபாய் வழங்கத் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி திட்டமும் நகர்ப்புறத்தை மையமாகக் கொண்டவை. நகர எல்லைக்குள் தள்ளுவண்டி வைத்திருப்பவர் விற்பனைச் சான்று கோரலாம். ஊராட்சி எல்லையிலுள்ள ஆலைச் சாலையில் அதே தொழிலைச் செய்பவருக்கு அவ்வழி தெளிவாக இல்லை. சாலை அகலப்படுத்தப்படும்போது எவ்வித ஈடும் கோர முடியாமல் முதலில் நகர வேண்டியவரும் அவரே.

ஷிப்டின் நீளமும் அவருடைய பிழைப்பைத் தொட்டது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம், ஆலைகளில் அன்றாட வேலைநேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க இடமளிக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களின் கடும் எதிர்ப்புக்குப்பின் மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. விவாதம் முழுவதும் தொழிலாளரின் உடல்நலத்தையும் நிறுவனங்களின் வசதியையும் பற்றியே நடந்தது, அது இயல்பும்கூட. ஆயினும் நாளுக்கு மூன்று முறை மாறும் ஷிப்ட் இரண்டாகக் குறைந்திருந்தால், வாயிலுக்கு எதிரே உள்ளவர் மூன்று முறை மூட்டும் அடுப்பை இரண்டு முறை மூட்டி, அதே வாடகையையும் அதே தண்டலையும் கட்ட நேர்ந்திருக்கும்.