தன்னைத் தாக்கும் உடல்: தைரொயிட்டு நோயொன்றின் வரலாறு

கண்ணெதிரே கிடக்கும் சான்று, ஏற்றுக்கொள்ளப்பட்ட கோட்பாடொன்றினால் நெடுங்காலம் பொருளற்றதாய்த் தோன்றுதல் விஞ்ஞான வரலாற்றிற் புதுமையன்று. தைரொயிட்டுச் சுரப்பியின் தன்னிர்ப்பீடன நோய் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

1912 இல் யப்பானிய அறுவை மருத்துவரான ஹக்காரு ஹஷிமோட்டோ, கழலை நோயுற்ற நான்கு பெண்களின் சுரப்பியிழையத்தை ஆராய்ந்து ஜேர்மன் ஆய்விதழொன்றிற் கட்டுரை வெளியிட்டார். சுரப்பியினுள் நிணநீர்க்குழியங்கள் திரள்திரளாகக் குவிந்திருந்தமையை அவர் தெளிவாக விபரித்தார். ஆயினும் அவை அங்கு வந்தமைக்குரிய காரணம் விளங்கவில்லை.

அக்காலத்து நிர்ப்பீடனவியலிற் போல் ஏர்லிக்கின் கருத்தே மேலோங்கியிருந்தது. பிற ஆடுகளின் குருதி ஏற்றப்பட்ட ஆடுகள் அக்குருதிக்கு எதிரான பிறபொருளெதிரிகளைத் தோற்றுவித்தன. தம் குருதிக்கு எதிராகத் தோற்றுவிக்கவில்லை. இதிலிருந்து, உடல் தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்ள அஞ்சுகின்றது என்றார் ஏர்லிக். அத்தகைய தாக்கத்தை உடல் கட்டுப்படுத்துகின்றது என்பதே அவர் கருத்தாயினும், பின்வந்தோர் அதனை மீறவொண்ணா விதியாக்கினர்.

அவ்விதி 1956 இல் தகர்ந்தது. அமெரிக்காவின் பவலோ நகரில் நோயல் றோஸ், முயலின் தைரொயிட்டிற் பெறப்பட்ட சாற்றை அம்முயலுக்கே செலுத்தினார். பிறபொருளெதிரிகள் தோன்றின; எஞ்சிய சுரப்பியில் நிணநீர்க்குழியங்கள் நிறைந்தன. அவருடைய வழிகாட்டியான விற்றெப்ஸ்கி, ஏர்லிக்கின் மாணவரிடம் பயின்றவர் என்பது குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டில் இலண்டனில் றொயிற், டொனியாக் முதலியோர், ஹஷிமோட்டோ நோயாளரின் குருதியிலே தைரோகுளோபுலினுக்கு எதிரான பிறபொருளெதிரிகளைக் கண்டனர். நியூசீலாந்தில் அடம்சும் பேர்வெசும் கிறேவ்ஸ் நோயாளரின் குருதியிற் கண்ட தூண்டற்பொருளும் பின்னர் பிறபொருளெதிரியென நிறுவப்பட்டது. ஒரே சுரப்பியை நிர்ப்பீடனம் ஓரிடத்து அழிக்கின்றது. மற்றோரிடத்து அளவின்றித் தூண்டுகின்றது.

பிறபொருளெதிரி மட்டுமே இந்நோயின் முழு விளக்கமன்று. ரீ நிணநீர்க்குழியங்களுள் ஒருவகை, பிறபொருளெதிரியை ஆக்கும் பீ நிணநீர்க்குழியங்களுக்குத் துணைநிற்கின்றது. இன்னொருவகை சுரப்பிக் கலங்களை நேரே கொல்கின்றது. இவற்றை அடக்கியாளும் வகையும் உண்டு. இவ்வடக்குமுறை தளர்வது நோய்க்கு வழிவகுக்கின்றது. தாக்கப்படும் சுரப்பிக் கலமே எச்.எல்.ஏ.-டீ.ஆர். மூலக்கூற்றைத் தன் மேற்பரப்பிலே தாங்கி அத்தாக்குதலைத் தொடரச் செய்யக்கூடும் என்ற கருதுகோளைப் பொற்றாற்சோ குழுவினர் 1983 இல் முன்வைத்தனர்.

ஹஷிமோட்டோ இவற்றுள் எதனையும் அறிந்திலர். ஆய்வைக் கைவிட்டுச் சொந்த ஊரான இகாவில் மருத்துவராய்ப் பணியாற்றிய அவர், 1934 இல் நெருப்புக்காய்ச்சலால் இறந்தார். ஏர்லிக் கண்டது பொய்யன்று. கண்டதற்கு அப்பால் அதனை விதியாக நீட்டியதே பிழை. அப்பிழைக்கு மருத்துவம் செலுத்திய விலை ஏறத்தாழ அரை நூற்றாண்டாகும்.